உலோகக் குழலும் பிடிமானமும்: பேம் புல்லாங்குழலின் வரலாற்றில் கைவிரல்களின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

மேற்கத்திய புல்லாங்குழல் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மரத்திலிருந்து உலோகத்திற்கு மாறியது. இம்மாற்றத்தை விளக்கும் நூல்கள் பெரும்பாலும் ஒலியியலையும் சாவியமைப்பையும் பேசுகின்றன. கருவி கையில் எவ்வாறு நின்றது என்பதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. வழுக்கல் என்னும் இடர்ப்பாடு உலோகத்தின் வழவழப்பால் மட்டும் தோன்றியதன்று. விரல்களைக் குழலின் உடலிலிருந்து பிரித்துச் சாவிகளின்மேல் வைத்ததும், தாங்கும் பணியிலிருந்த இடக்கைப் பெருவிரலைச் சுரம் பிறப்பிக்கும் பணிக்கு மாற்றியதும் அதற்கு இணையான காரணங்கள் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: தியோபால்ட் பேம், புல்லாங்குழல், தாங்குகோல், உதட்டுத் தகடு, ராக்ஸ்ட்ரோ, அடியார்க்கு நல்லார்.

முன்னுரை

குறுக்காகப் பிடித்து ஊதும் குழலுக்கு ஓர் இயல்பான குறை உண்டு. நாகசுரமோ கிளாரினெட்டோ போல அது வாய்க்குள் செல்வதில்லை. பற்களாலும் உதடுகளாலும் கவ்விப் பிடிக்க இயலாது. கீழுதட்டின் அடியில், தாடையின்மேல் சாய்ந்து கிடக்கும் உருளை அது. உருளை உருளும், உருண்டால் ஊதுதுளையின் கோணம் மாறும், கோணம் மாறினால் சுருதி மாறும். ஆதலால் குழலிசைஞருக்குப் பிடிமானம் என்பது வசதி பற்றியது அன்று, சுருதி பற்றியது. வியர்வை படிந்த வெள்ளிக் குழலில் இவ்விடர்ப்பாடு எத்தகையது என்பதை அக்கருவியைக் கையாண்டவர் எவரும் அறிவர்.

இசைக்கருவி வரலாற்றில் இது ஏன் தனிப்பொருளாக எழுதப்படவில்லை என்பதற்கு விடை காண்பது கடினமன்று. துளையின் விட்டத்தை அளக்கலாம். சாவியின் பொறியமைப்பை வரையலாம். கை எவ்வாறு பற்றியது என்பதற்குக் கருவியில் எஞ்சும் தடயம் மிகச் சிறிது. இருப்பினும் தடயங்கள் உள்ளன. பயிற்சி நூல்கள், கருவிகளில் செதுக்கப்பட்ட பள்ளங்கள், இணைக்கப்பட்ட துணையுறுப்புகள் ஆகியவற்றை ஒருசேர நோக்கினால் ஒரு தொடர்ச்சி புலப்படுகிறது.

மரக்குழலில் கையின் அமைதி

ஜாக் ஓத்தெத்தேர் 1707இல் பாரிசில் வெளியிட்ட நூலே குறுக்குக் குழலுக்கென அச்சேறிய முதல் பயிற்சி நூலாகக் கருதப்படுகிறது. அதில் உடல்நிலையும் கைவிரல்களின் அமைவும் முதற்கண் விளக்கப்படுகின்றன. குழலிசைஞர் ஒருவர் கருவியைப் பிடித்திருக்கும் செப்புத்தகட்டு ஓவியமும் இடம்பெறுகிறது. 1752இல் பெர்லினில் வெளிவந்த யோஹான் யோவாகிம் குவான்ட்சின் பெருநூலும் குழலைப் பிடிக்கும் முறைக்கும் விரல் வைக்கும் முறைக்கும் தனி இயல் ஒதுக்குகிறது. இவ்விருவர் காலத்துக் குழல் பெட்டிமரம், கருங்காலி, தந்தம் முதலியவற்றால் ஆனது. ஆறு துளைகளை விரல்களே நேராக மூடின. பெரும்பாலான குழல்களில் ஒரே ஒரு சாவி, வலக்கைச் சிறுவிரலுக்கென அமைந்தது.

இங்கே விரல்களின் பங்கீட்டைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இடக்கையில் மூன்று விரல்கள் துளைகளுக்கு. வலக்கையில் மூன்று விரல்கள் துளைகளுக்கு, ஒன்று சாவிக்கு. எஞ்சிய இரண்டு பெருவிரல்களுக்கும் இடக்கைச் சிறுவிரலுக்கும் சுரம் சார்ந்த பணி எதுவும் இல்லை. பெருவிரல்கள் தாங்குவதற்கே உரியவை.

இதே பங்கீட்டைத் தமிழ் மரபிலும் காணலாம் என்பது கருதத்தக்கது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் குழலோன் அமைதி கூறும் பகுதிக்கு உரை வரையும் அடியார்க்கு நல்லார், குழலின் ஏழு துளைகளுக்கும் விரல்களை வகுக்குமிடத்து இடக்கையில் பெருவிரலையும் சிறுவிரலையும் நீக்கி மூன்று விரல்களையும், வலக்கையில் பெருவிரல் ஒழிந்த நான்கு விரல்களையும் கொள்கிறார். மூன்றும் நான்கும் ஆகிய இப்பகுப்பு ஒற்றைச் சாவி கொண்ட ஐரோப்பியக் குழலின் பகுப்போடு அப்படியே ஒத்திருக்கிறது. இவற்றுக்கிடையே வரலாற்றுத் தொடர்பு தேட வேண்டியதில்லை. கையின் எலும்பமைப்பு ஒன்றாக இருப்பதால் தீர்வும் ஒன்றாக அமைந்தது என்று கொள்வதே பொருந்தும்.

அவ்வுரையில் மற்றொரு செய்தியும் உண்டு. குழல் செய்வதற்குரிய பொருள்களைத் தரப்படுத்தும்போது அடியார்க்கு நல்லார் மூங்கிலை முதல் தரத்திலும், வெண்கலத்தை இடைத் தரத்திலும், ஏனைய மரங்களை அதற்கடுத்தும் வைக்கிறார். மூங்கில் பருவத்திற்கேற்ப மாறுவது, வெண்கலம் வலிமையுடையது, மரம் எப்போதும் ஒரு நிலையில் நிற்பது என்னும் கருத்துப்பட அவர் கூறும் காரணங்கள் யாவும் பொருளின் தன்மை பற்றியவை. வெண்கலக் குழல் கையில் வழுக்குமா என்னும் வினா அங்கு எழவில்லை. எழாமைக்குக் காரணமும் அவர் தந்த விரல் பங்கீட்டிலேயே அடங்கியுள்ளது எனலாம். துளையை மூடும் ஏழு விரல்களும் குழலின் உடலையே தொடுகின்றன. பெருவிரல்கள் இரண்டும் தாங்குவதற்குக் கிடைக்கின்றன. அத்தகைய பிடியில் பரப்பு வழவழப்பாக இருந்தாலும் கேடு பெரிதன்று.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியக் குழலில் சாவிகள் பெருகின. எட்டுச் சாவிக் குழலில் இடக்கைப் பெருவிரலுக்கு ஒரு சாவியும் இடக்கைச் சிறுவிரலுக்கு ஒரு சாவியும் அமைந்தன. தாங்கிய விரல்கள் இசைக்கும் பணிக்கு இழுக்கப்படுவது இங்குத்தான் தொடங்குகிறது. ஆயினும் அச்சாவிகள் அவ்வப்போது மட்டும் அழுத்தப்படுபவை. மற்ற நேரங்களில் பெருவிரல் தன் பழைய இடத்திற்குத் திரும்பலாம்.

இலண்டனில் புகழுடன் விளங்கிய சார்ல்ஸ் நிக்கல்சன் (1795–1837) பெரிய துளைகள் கொண்ட குழலை வாசித்தார். அவர் பெயரால் விற்கப்பட்ட குழல்களில் இடக்கைச் சுட்டுவிரலின் அடிப்பகுதி படியும் இடம் சற்றே செதுக்கப்பட்டிருக்கும். உருளையான பரப்பில் விரல் நிலைகொள்ளாது என்பதால் செய்யப்பட்ட ஏற்பாடு இது. எளிய வேலைதான், ஆனால் இது மரத்தில் மட்டுமே இயலும். மரக்குழலின் சுவர் பல மில்லிமீட்டர் தடிமன் உடையது. அதிலிருந்து சிறிது குறைத்தாலும் உட்துளை சிதையாது. பின்னர் வந்த வெள்ளிக் குழலின் சுவரோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. அதில் எதையும் குறைக்க முடியாது; கூட்டத்தான் முடியும். உலோகக் குழலின் பிடிமான வரலாறு முழுவதும் கூட்டல்களின் வரலாறாக அமைந்ததற்கு இதுவே அடிப்படை.

1832, 1847: இரண்டு மாற்றங்கள்

மியூனிக் நகரைச் சேர்ந்த தியோபால்ட் பேம் (1794–1881) பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்து அத்தொழிலையே கற்றவர். அரசவை இசைக்குழுவில் குழலிசைஞராகவும் விளங்கினார். 1831இல் இலண்டனில் நிக்கல்சனின் வாசிப்பைக் கேட்ட அவர், அப்பெரிய துளைகள் தரும் ஒலி வளத்தைத் தம் குழலிலும் பெற வேண்டும் என உறுதிகொண்டார். 1832இல் அவர் உருவாக்கிய குழல் கூம்புத் துளை உடைய மரக்குழலே. துளைகளைக் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காமல் ஒலியியல் கோரும் இடத்தில் வைத்து, வளையச் சாவிகளால் அவற்றை ஆளச் செய்தார். வளையத்தின் நடுவே விரல் நுனி இன்னும் மரத்தைத் தொட்டது.

1847இல் நிகழ்ந்த மாற்றம் இதனினும் அடிப்படையானது. ஒலியியல் அறிஞர் கார்ல் ஷாஃப்ஹாய்ட்டிலின் துணையுடன் கற்றறிந்தவற்றைக் கொண்டு, 19 மில்லிமீட்டர் உட்துளை கொண்ட நேர் உருளைக் குழலை வடிவமைத்தார். அதன் தலைப்பகுதி மட்டும் வளைகோட்டு வடிவில் குறுகிச் செல்லும். துளைகள் விரல் நுனியால் மூட இயலாத அளவுக்குப் பெரிதாயின. ஆகவே ஒவ்வொரு துளையின்மேலும் திண்டு பொருத்திய மூடி அமைந்தது. மரத்திலும் இதனைச் செய்யலாம். பேம் பிற்காலத்தில் செய்தும் காட்டினார். எனினும் வெள்ளியின் எடைக் குறைவும், வெடிப்புக்கு இடந்தராத தன்மையும், பொற்கொல்லரான அவரது கைத்திறனும் உலோகத்தை முன்னிறுத்தின. பாரிசில் கொட்ஃப்ருவா, லோ பட்டறையும் இலண்டனில் ருடால், ரோஸ் நிறுவனமும் இக்குழலைச் செய்யும் உரிமையைப் பெற்றன.

இவ்விரண்டு மாற்றங்களையும் கையின் பக்கமிருந்து நோக்கினால் வேறொரு காட்சி தெரிகிறது. 1847இன் குழலில் விரல்கள் தொடுவது சாவிகளை, குழலை அன்று. சாவி அசையும் உறுப்பு, அதனைப் பற்றிக்கொள்ள இயலாது. மேலும் இடக்கைப் பெருவிரல் இப்போது அவ்வப்போது அன்றி இடைவிடாமல் இயங்க வேண்டியதாயிற்று. சி, பி ஆகிய சுரங்களை வேறுபடுத்துவது அவ்விரலே. 1849இல் ஜூலியோ பிரிச்சால்டி வகுத்த இரட்டைப் பெருவிரல் சாவி, அவ்விரலை இருவேறு நெம்புகளுக்கிடையே நகரவும் செய்தது. தாங்கும் விரலாக இருந்தது முழுவதும் இசைக்கும் விரலாகிவிட்டது.

எஞ்சிய தொடுபுள்ளிகள் மூன்று: தாடை, இடக்கைச் சுட்டுவிரலின் அடிக்கணு, வலக்கைப் பெருவிரல். வலக்கைச் சிறுவிரல் பெரும்பாலான சுரங்களில் தன் சாவியை அழுத்தி நிற்பதால் நான்காவது துணையாகிறது. இந்த மூன்றரைப் புள்ளிகளில்தான் வழவழப்பான வெள்ளி நிற்க வேண்டும்.

இடர்ப்பாடு எங்கே வெளிப்படுகிறது என்பதற்குச் சி-ஷார்ப் சுரம் தக்க சான்று. நடு மண்டலத்துச் சி-ஷார்ப்பை ஊதும்போது வலக்கைச் சிறுவிரல் தவிர ஏனைய விரல்கள் யாவும் உயர்ந்து நிற்கின்றன. அடுத்த டி சுரத்திற்குச் செல்லும்போது இடக்கைப் பெருவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகியவையும் வலக்கையின் மூன்று விரல்களும் ஒருசேர இறங்க, அதுவரை தாங்கி நின்ற வலக்கைச் சிறுவிரல் எழ வேண்டும். ஆறு விரல்கள் இறங்கும் அதே நொடியில் ஒரு தூண் விலகுகிறது. அத்துடன் பேம் குழலின் அச்சுக்கம்பிகள் வாசிப்பவரின் பக்கமாக அமைந்துள்ளன. அவற்றின் எடை குழலை உள்நோக்கி உருட்ட முனைகிறது. பரப்பு வழுக்கினால் குழல் உருள்கிறது, ஊதுதுளை உதட்டால் மேலும் மூடப்படுகிறது, சுருதி தாழ்கிறது. தொடக்கநிலை மாணவர் இதற்குச் செய்யும் பரிகாரம் இறுகப் பிடிப்பது. இறுகப் பிடித்த கையில் விரல்கள் விரைவை இழக்கின்றன. உராய்வுக் குறைவை அழுத்தத்தால் ஈடுசெய்ய முனையும்போது, சாவியமைப்பு எந்த விரைவுக்காக உருவாக்கப்பட்டதோ அதுவே பறிபோகிறது.

தாங்குகோல்

இதனைப் பேம் அறியாதவர் அல்லர். அவர் தம் குழல்களில் ஒரு தாங்குகோலைப் பொருத்தினார். குழலின் அடியிலிருந்து கீழ்நோக்கி நீண்டு, முனையில் குறுக்குத் தண்டு கொண்ட சிறு உறுப்பு அது. இடக்கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட வளைவில் அது அமர்கிறது. 1871இல் வெளியான தம் நூலில் இவ்வுறுப்பின் பயனை அவர் விளக்கியுள்ளார். அமெரிக்க இயற்பியலறிஞர் டேட்டன் மில்லரின் 1908ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாக அக்கருத்துப் பரவலாக அறியப்பட்டது. குழலின் சுமையைக் கோல் ஏற்றுக்கொள்வதால் விரல்கள் தளைகளின்றி இயங்கும் என்பதே அதன் சாரம்.

தாங்குகோலின் சிறப்பு, அது உராய்வைக் கூட்ட முயலவில்லை என்பதில் உள்ளது. வழுக்கும் பரப்பைச் சொரசொரப்பாக்குவது ஒரு வழி. வழுக்கினாலும் கேடில்லாதபடி சுமையை வேறிடத்திற்கு மாற்றுவது மற்றொரு வழி. பேம் இரண்டாவதைத் தேர்ந்தார். இடக்கைப் பெருவிரலிடமிருந்து தாம் பறித்த பணியைக் கையின் வளைவுக்குத் திருப்பிக் கொடுத்தார் என்றும் கூறலாம். தம் பொறியமைப்பு உண்டாக்கிய குறையை அதன் ஆசிரியரே ஒப்புக்கொண்டதன் அடையாளமாக அக்கோலைக் காண்பது மிகையாகாது.

ஆயினும் அது நிலைக்கவில்லை. பாரிஸ் இசைப்பள்ளியில் பேம் குழலை எதிர்த்துவந்த துலூவுக்குப் பின் 1860இல் லூயி டொரூ பேராசிரியரானார். அதன்பின் அங்கு வெள்ளிக் குழலே வழக்காயிற்று. 1855இல் தனிப் பட்டறை தொடங்கிய லூயி லோவின் குழல்கள் அந்த மரபின் அடையாளமாயின. பிரெஞ்சு வழியில் தாங்குகோல் இடம்பெறவில்லை. மாறாக, நடுவில் துளையிட்ட சாவிகள் பெருவழக்காயின. ஐந்து சாவிகளின் நடுவே துளை. அதனை விரல் நுனியால் மூட வேண்டும். இத்துளைகள் ஒலிக்காகவா, சுருதி நுட்பத்துக்காகவா என்னும் விவாதம் இன்றும் ஓயவில்லை. பிடிமானக் கோணத்தில் அவற்றின் விளைவு தெளிவானது: விரலைக் குறிப்பிட்ட ஒரே இடத்தில் நிறுத்துகின்றன. கை நழுவி வைக்கப்பட்டால் சுரமே பிறக்காது. வழுக்கலைத் தடுப்பதற்கு மாறாக, வழுக்கலைத் தண்டிக்கும் ஏற்பாடு என்று இதனைச் சொல்லலாம். பயிற்றுநர்கள் அதனை விரும்பியதில் வியப்பில்லை.

செருமனியிலும் இங்கிலாந்திலும் பேம் சாவியமைப்பை ஏற்றவர்கள் பலர் மரக்குழலையே 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தனர். மரத் தலையும் உலோக உடலும் சேர்ந்த கலப்புக் குழல்களும் செய்யப்பட்டன. இவை ஒலியின் சுவை கருதியவை என்றே வழக்கமாக விளக்கப்படுகின்றன. அவ்விளக்கம் தவறன்று. எனினும் தாடையில் படும் பகுதி மட்டும் மரமாகவும் ஏனையது உலோகமாகவும் இருந்த கருவியில் தோலின் பற்றுதலுக்கும் பங்கு உண்டு என்பதை மறுக்க இயலாது.

நெம்புகோலாகக் குழல்

ரிச்சர்ட் ஷெப்பர்ட் ராக்ஸ்ட்ரோ (1826–1906) எழுதிய விரிவான குழல் நூல் 1890இல் இலண்டனில் வெளிவந்தது. ‘ராக்ஸ்ட்ரோ நிலை’ என்று இன்றும் குறிக்கப்படும் பிடிமுறை அவர் பெயரால் வழங்குவது. இதில் வலக்கைப் பெருவிரல் குழலை அடியிலிருந்து ஏந்துவதில்லை. பின்பக்கமாக நின்று முன்னோக்கித் தள்ளுகிறது. இடக்கைச் சுட்டுவிரலின் அடிப்பகுதி குழலைத் தாடையை நோக்கி உந்துகிறது. தாடை ஒரு முனையிலும் வலக்கைப் பெருவிரல் மறுமுனைப் பக்கத்திலும் நிற்க, இடையே சுட்டுவிரல் எதிர்த்திசையில் அழுத்துவதால் குழல் நெம்புகோல்போல் சமநிலை எய்துகிறது. தலைப்பகுதியின் ஊதுதுளையைச் சாவிகளின் வரிசைக்கு நேராக வைக்காமல் சற்றே உள்நோக்கித் திருப்பி வைப்பதும் இம்முறையின் கூறு. அவ்வாறு திருப்பினால், வாசிக்கும் நிலையில் சாவிகள் மேலோங்கி நிற்கும். அச்சுக்கம்பிகளின் எடை உருட்டும் விசையாக மாறாமல் நேர் கீழாக இறங்கும்.

உராய்வை நாடாத இரண்டாவது தீர்வு இது. பேமின் கோல் ஒரு பொருளைக் கூட்டியது. இம்முறை எதையும் கூட்டாமல் விசைகளின் திசையை மாற்றியது. இதன் குறையும் வெளிப்படையானது. இடக்கைச் சுட்டுவிரலின் ஓரத்தில், நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடும் இடத்தில், அழுத்தம் குவிகிறது. குழலிசைஞர்களின் இடக்கைச் சுட்டுவிரலில் நரம்பு நெருக்குண்டு மரத்துப்போதல் 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. எந்தப் பிடிமுறையாயினும் பேம் குழலில் அவ்விரலே பெருஞ்சுமை தாங்குவதால், இதனை ஒரு முறையின் குற்றமாக மட்டும் கொள்ளலாகாது.

தகடு, அஞ்சல்தலை, மெத்தை

மெல்லிய உலோகக் குழாயில் துளையிட்டால் மட்டும் ஊதுவதற்கு ஏற்ற ஆழம் கிடைப்பதில்லை. ஆகவே துளையைச் சூழ்ந்து சிறு சுவர் எழுப்பி, அதன்மேல் வளைந்த தகடு ஒன்றைப் பற்றவைத்தனர். உதட்டுத் தகடு எனப்படும் இது ஒலிக்காகத் தோன்றிய உறுப்பாயினும், தாடைக்கு அகன்ற இருக்கையாகவும் அமைந்தது. அத்தகட்டில் பூவேலைச் செதுக்கல்கள் இடுவது வழக்கமாயிற்று. அழகுக்காகச் செய்யப்பட்டவை வியர்த்த தோலுக்குப் பற்றுக்கோடாகவும் உதவின. கரிய எபொனைட்டால் செய்த தகடுகளும் வழங்கின. கடினப்படுத்திய இரப்பரான அது வெள்ளியைப்போல் குளிர்வதுமில்லை, அவ்வளவாக வழுக்குவதுமில்லை.

இசைஞர்களே கண்ட தீர்வுகள் இவற்றினும் எளியவை. உதட்டுத் தகட்டில் அஞ்சல்தலையை ஒட்டிக்கொள்வது பரவலான பழக்கம். காகிதம் ஈரத்தை உறிஞ்சுகிறது. பின்புறப் பசை அதனைத் தகட்டில் நிறுத்துகிறது. பழுதானால் கழற்றி வேறொன்றை ஒட்டலாம். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அது தடுப்பாகிறது. வலக்கைப் பெருவிரல் படும் இடத்தில் தக்கைத் துண்டு ஒட்டுவது, இடக்கைச் சுட்டுவிரலுக்கு நெகிழித் தொட்டில் மாட்டுவது, பெருவிரலுக்கு இரப்பர்த் தாங்கி பொருத்துவது ஆகியன பிற்கால வழக்குகள். இவற்றை இரு வகையாகப் பிரிக்கலாம். அஞ்சல்தலையும் தக்கையும் உராய்வைக் கூட்டுபவை. தொட்டிலும் தாங்கியும் தொடுபரப்பை அகலமாக்கிச் சுமையைப் பகிர்பவை. நிக்கல்சன் குழலில் உளி குறைத்துச் செய்ததை நெகிழி கூட்டிச் செய்கிறது.

20ஆம் நூற்றாண்டில் பொன்னும் பிளாட்டினமும் குழலுக்குப் பயன்பட்டன. ஜார்ஜ் பரேரின் பிளாட்டினக் குழலுக்காக எட்கார் வரேஸ் 1936இல் இயற்றிய தனிக்குழல் படைப்பு அவ்வுலோகத்தின் அடர்த்தியையே தலைப்பாகக் கொண்டது. எவ்வுலோகம் எவ்வொலி தரும் என்னும் விவாதம் இவ்வாறு கலையுலகின் கவனத்தைப் பெற்ற அதே காலத்தில், எவ்வுலோகமும் வியர்வையில் வழுக்கும் என்னும் செய்தி ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான வாய்மொழியாகவே நின்றது.

பேமின் தாங்குகோலோ வேறு வழியாகத் திரும்பியது. எடை மிகுந்த ஆல்டோ, பாஸ் குழல்களை வெறும் மூன்று தொடுபுள்ளிகளால் நெடுநேரம் ஏந்த இயலாது என்பதால், இன்றைய பாஸ் குழல்கள் பலவற்றில் இடக்கைக்கென அதே கோட்பாட்டில் அமைந்த தாங்கி பொருத்தப்படுகிறது. பேம், மெண்ட்லர் பட்டறைக் குழல்களில் சிலவற்றில் கோல் தொலைந்து, அது செருகப்பட்ட சிறு குழிமட்டும் எஞ்சியிருக்கிறது. டேட்டன் மில்லர் திரட்டி அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திற்கு அளித்த ஏறத்தாழ 1,700 குழல்களைப் போன்ற பெருந்தொகுதிகளில் பொருள், சாவி எண்ணிக்கை, சுருதி ஆகியவற்றோடு இத்தகைய குழிகளும், சுட்டுவிரல் படிந்து தேய்ந்த பரப்புகளும், தகட்டில் படிந்த பசைத் தடங்களும் முறையாக அட்டவணைப்படுத்தப்படுமாயின், பயிற்சி நூல்கள் விதித்த பிடிக்கும் இசைஞர்கள் கைக்கொண்ட பிடிக்கும் இடையிலான தொலைவை அளக்க இயலும். கருவியைத் துலக்கிக் காட்சிக்கு வைக்கும் பணியில் முதலில் அழிபவை இத்தடங்களே.